வாலில் நகம் கொண்ட வாலபி

பழைய பத்திரிகைகள் நம் வீடுகளில் என்ன கதி அடைகின்றன என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. முதல் இரண்டு நாள் கூடத்து மேஜையின்மேல் கௌரவமாக வீற்றிருக்கும். மூன்றாம் நாள், "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று எதிர்வீட்டுக்காரர் எடுத்துப் போவார். திரும்பி வரும்போது அட்டை இராது. பிறகு குழந்தைகள் படங்களைக் கத்தரித்துக் கொள்வார்கள். எஞ்சிய தாள்கள் பாடப் புத்தகங்களுக்கு உறையாகும். அதற்கும் மிஞ்சியவை பலகாரப் பொட்டலம் கட்டப் போய்ச் சேரும். வாரந்தோறும் எழுதுகிற நமக்கு இதில் சிறிது மனத்தாங்கல் உண்டு. "இத்தனை சிரமமும் பகோடாவுக்குத்தானா?" என்று சில சமயம் தோன்றுவதும் உண்டு.

அவ்வாறு தோன்றும் போதெல்லாம் நாம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவத்தை நினைத்துத் தேறுதல் அடைகிறோம். உலகத்தைவிட்டே மறைந்துவிட்டது என்று அறிஞர்கள் கணக்கு முடித்துவிட்ட ஒரு பிராணியின் வம்சம், பத்திரிகையில் வெளிவந்த ஒரு படத்தினால் பிழைத்தது. அந்தப் பிராணியைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

சில நாட்களுக்கு முன் வகுப்பில் கங்காருவைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சார், கங்காருவின் குட்டிக்குத்தானே வாலபி என்று பெயர்?" என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. சரி, வாலபி என்றால் என்ன என்று சிரித்தவர்களைக் கேட்டோம். உடனே சிரிப்பு அடங்கி, அனைவரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்கள்!

வாலபி என்பது குட்டியன்று. அது வளர்ந்த பிராணியே. வயிற்றில் பையும், நீண்ட பின்னங்கால்களும், தடித்த வாலும் கொண்டு தத்திப் பாயும் அந்தப் பெரிய குடும்பத்தில் உருவத்தில் பெரியவற்றைக் கங்காரு என்றும், சிறியவற்றை வாலபி என்றும் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அழுத்தமான கோடு ஒன்றும் கிடையாது. இரண்டு பெயர்களுமே அந்தத் தேசத்தின் ஆதிக்குடிகளின் மொழிகளிலிருந்து வந்தவை. 'கங்காரு' வடக்கே குயின்ஸ்லாந்துக் கடற்கரையில் வழங்கிய சொல். 1770-ஆம் ஆண்டில் காப்டன் குக்கின் கப்பல் அங்கே பழுது பார்ப்பதற்காக நின்றபோது வெள்ளையர் காதில் விழுந்தது. 'வாலபி' தெற்கே சிட்னிப் பக்கத்து மக்கள் வழங்கிய சொல். செங்கங்காருவின் ஆண் 80 கிலோவுக்கு மேலும் நிறை காட்டும். நாம் சொல்லவந்த வாலபியோ 4 கிலோவிலிருந்து 8 கிலோ வரைதான். வாலையும் சேர்த்து அளந்தால் சுமார் மூன்றடி நீளம் இருக்கும். ஆண் பெரியது, பெண் சிறியது.

இதன் உடல் சாம்பல் கலந்த பழுப்பு நிறம், வயிறு வெளுப்பு. கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஆனால் இதன் தனி அடையாளம் கழுத்திலேதான் இருக்கிறது. பிடரியில் தொடங்கும் ஒரு வெள்ளைப் பட்டை, இருபுறமும் தோளுக்குப் பின்னால் வளைந்து இறங்குகிறது. குதிரைக்குச் சேணம் பூட்டி வார் இழுத்துக் கட்டினாற்போன்ற தோற்றம். அதனால்தான் விஞ்ஞானிகள் இதற்குக் 'கடிவாளம் பூண்டது' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார்கள். 1841-ஆம் ஆண்டில் இதை முதன்முதல் விவரித்துப் பெயரிட்டவர் ஜான் கூல்ட் என்னும் ஆங்கிலேயர். பறவைகளையும் விலங்குகளையும் வர்ணப் படங்களுடன் பெரிய பெரிய நூல்களாக வெளியிட்டுப் பெயர் பெற்றவர்.

கழுத்தைப் பார்த்தாயிற்று, இனி வாலைப் பார்ப்போம். மெலிந்து நீண்ட வாலின் நுனியில், மயிருக்குள் பாதி மறைந்தாற்போல, சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறிய கொம்பு முள் இருக்கிறது. பார்வைக்கு விரல் நகம் போன்றே இருக்கும். ஆகவே இதற்கும் இதன் நெருங்கிய உறவினருக்கும் 'நகவால் வாலபி' என்று பொதுப் பெயர். அந்த நகத்தினால் இப்பிராணிக்கு என்ன பிரயோஜனம் என்பது இதுவரையில் எவராலும் நிரூபிக்கப்படவில்லை. சிருஷ்டியில் எல்லாவற்றுக்கும் நம்மிடம் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லையல்லவா?

நகவால் வாலபிகள் ஓடும் அழகும் விசித்திரமானது. மற்ற வாலபிகள் முன்னங்கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு தத்தும். இவை கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, திருகை சுற்றுவது போலச் சுழற்றிக்கொண்டே பாயும். மேல்நாட்டு வீதிகளில் கைப்பிடியைச் சுற்றிச் சங்கீதப் பெட்டி வாசிக்கும் பிச்சைக்காரர்கள் உண்டு. அவர்கள் நினைவாகப் பழைய குடியேறிகள் இவற்றுக்கு 'பெட்டி சுற்றிகள்' என்று பட்டம் கட்டினார்கள். நம் கடிவாள வாலபிக்கு 'ஃப்ளாஷ்ஜாக்' என்னும் செல்லப் பெயரும் உண்டு.

இனி, இதன் வாழ்க்கை முறையைப் பார்ப்போம். கிழக்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மழை குறைந்த நிலத்தில் 'பிரிகலோ' என்னும் மரங்கள் அடர்ந்து வளர்கின்றன. வெள்ளி பூசினாற்போன்ற இலையுடைய இம்மரம் நம் ஊர்க் கருவேலத்துக்குத் தூரத்து உறவு. ஒரு பக்கம் இந்தப் புதர்க் காடு, இன்னொரு பக்கம் புல் வளர்ந்த திறந்த சோலை. இரண்டும் சந்திக்கும் ஓரமே கடிவாள வாலபிக்கு உகந்த இடம். புதர் படுக்கையறை, புல்வெளி சாப்பாட்டுக் கூடம். பகல் முழுவதும் புதரடியில் ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். பொழுது சாய்ந்த பிறகு வெளியே வந்து மேயும். புல்லைக் காட்டிலும் தரையோடு படரும் மெல்லிய பூண்டுகளிலும் இளந்தழைகளிலுமே இதற்கு ருசி அதிகம். ஆனால் புதரை விட்டு வெகு தூரம் போகாது. கூட்டம் சேரும் வழக்கமும் கிடையாது. பெரும்பாலும் தனியாகவே காணப்படும்.

அபாயம் வந்தால் இது கையாளும் உபாயம் கவனிக்கத் தக்கது. பெரிய கங்காரு நீண்ட பாய்ச்சலில் ஓடித் தப்பும். இதுவோ ஓடி மறைய வழி இல்லையென்றால் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிடும். அல்லது தாழ்ந்த புதரின் அடியில் ஊர்ந்து சென்று அசையாமல் கிடக்கும். உளுத்து விழுந்த மரத்தின் பொந்துக்குள் நுழைந்துகொள்வதும் உண்டு. கழுகும் காட்டுநாயும் உலவிய பழைய உலகத்துக்கு இந்த வித்தை போதுமாயிருந்தது. மோப்பம் பிடித்தே வரும் நரிக்கும், பதுங்கி வரும் பூனைக்கும் முன்னால் அசையாமல் கிடப்பதால் என்ன பயன்?

பிள்ளை வளர்ப்பிலும் இதே ஒளிவுமறைவுதான். தாயின் கர்ப்ப காலம் சுமார் 24 நாள். பிறக்கும்போது குட்டி ஓர் அவரைக் கொட்டை அளவுகூட இராது, கண் திறந்திராது, உடம்பில் மயிர் இராது. ஆயினும் முன்னங்கைகளால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் புகுந்து, காம்பைக் கவ்விக்கொள்ளும். அங்கே சுமார் நான்கு மாதம் வளரும். பையை விட்டு இறங்கிய பின்பு மற்றக் கங்காருக் குட்டிகளில் பல, தாயின் பின்னாலேயே தத்தித் திரியும். இந்த வாலபியின் குட்டி அப்படிச் செய்வதில்லை. தாய் அதை ஓர் அடர்ந்த புதரில் விட்டுவிட்டு மேயப் போகும். குட்டி அங்கேயே ஒளிந்திருக்கும். தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஆகவே அடர்ந்த புதர் இருந்தால் குட்டி உண்டு. புதர் போனால் குட்டியும் போயிற்று. இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் வரும் துயரம் முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

ஒரு காலத்தில் குயின்ஸ்லாந்தின் வடபகுதியில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் என்னும் ஊரிலிருந்து, தெற்கே மரே நதி வரையில் இவ்வாலபி ஏராளமாய் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைப் பார்த்தவர்கள் அபூர்வப் பிராணியென்று குறிக்கவில்லை. சாதாரணமாகத் தென்படுவதென்றே குறித்தார்கள். அதன் பிறகு நூறு ஆண்டுக்குள் எல்லாம் மாறிப்போயிற்று.

முதலில் ஆடுகள் வந்தன. ஆட்டு மந்தைகள் தரையோடு மேய்ந்துவிடவே, வாலபி உண்ணும் பூண்டுகளும் ஒளியும் புதர்களும் ஒருங்கே குறைந்தன. ஆட்டுக்குரிய புல்லை வாலபி தின்கிறது என்று மேய்ச்சல்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். 1877-ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்து அரசாங்கம் இதற்கென்றே ஒரு சட்டம் செய்து, கங்காரு இனத்தைக் கொல்பவர்களுக்கு வெகுமதி கொடுக்க ஏற்பாடு செய்தது. 1930 வரையில் நீடித்த அந்த ஏற்பாட்டின் கீழ், பல இனங்களும் சேர்ந்து இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பிராணிகளுக்கு வெகுமதி வழங்கப்பட்டது. தோல் வியாபாரிகளும் தங்கள் பங்குக்கு வாங்கினார்கள்.

துப்பாக்கி மட்டும் எமனாக வரவில்லை. 1859-ஆம் ஆண்டில் விக்டோரியாவில் ஒரு கனவான் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களைத் தருவித்து விட்டார். அவை தேசம் முழுவதும் பல்கிப் புல்லை அழித்தன. அதே வேட்டைப் பொழுதுபோக்குக்காகச் செந்நிற நரிகளையும் கொணர்ந்து விட்டார்கள். நரிகள் முயலைத் தின்று பெருகி, வாலபியையும் தின்றன. வீட்டுப் பூனைகள் காட்டுக்கு ஓடிக் கொடிய வேட்டைப் பிராணிகளாக மாறின. பிரிகலோக் காடுகளுக்கும் நல்ல காலம் இல்லை. 1962-ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்தில் அக்காடுகளை வெட்டி நிலமாக்குவதற்கென்றே ஓர் அரசாங்கத் திட்டம் தொடங்கிற்று. சங்கிலி பிணைத்த இயந்திர வண்டிகள் இருபுறமும் இழுத்துச் செல்ல, மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன.

1937-ஆம் ஆண்டுக்குப் பிறகு கடிவாள வாலபியைப் பற்றி நம்பத் தகுந்த செய்தி ஒன்றுமே அறிஞர்களுக்குக் கிட்டவில்லை. பத்து ஆண்டு கழிந்தது. இருபது ஆண்டு கழிந்தது. முப்பது ஆண்டும் கழிந்தது. மறைந்துபோன பிராணிகளின் பட்டியலில் அதன் பெயரையும் சேர்த்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அதன் உறவினமான பிறைக்கோட்டு நகவால் வாலபி உண்மையிலேயே உலகத்தை விட்டு மறைந்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 'டூலாச்' என்னும் அழகிய வாலபி இனத்தில் எஞ்சியிருந்த சிலவற்றை 1920-களில் பிடித்துப் பத்திரமான தீவுக்குக் கொண்டுபோக முயன்றார்கள். துரத்திப் பிடித்த களைப்பிலும் அதிர்ச்சியிலும் பிடிபட்டவை மாண்டுபோயின. அந்த இனமும் இன்று இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் கடிவாள வாலபிக்கு மட்டும் யார் உத்தரவாதம் கூறமுடியும்?

1973-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையில், ஆஸ்திரேலியாவிலிருந்து மறைந்துபோன பிராணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் கடிவாள வாலபியின் படமும் இருந்தது. அந்தப் பத்திரிகை, வேலி போடும் குத்தகைக்காரர் ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பண்ணை பண்ணையாகச் சென்று கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டுவது அவர் தொழில். அவர் படத்தைப் பார்த்தார். கழுத்தில் வெள்ளைப் பட்டை. தோளுக்குப் பின்னால் வளைந்த கோடு. 'மறைந்துபோன பிராணி' என்று கீழே அச்சாகியிருந்தது. அவருக்கோ அது வேலை செய்யும் இடத்தில் கண்டு பழகிய பிராணி!

அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். "படித்தவர்கள் எழுதியது தப்பாகவா இருக்கும்? நாம் கண்டது வேறு ஏதாவதாக இருக்கும்" என்று தம்மையே சந்தேகித்திருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்திருப்போம். அவர் அப்படிச் செய்யாமல் உரியவர்களுக்குத் தெரிவித்தார். குயின்ஸ்லாந்து வனவிலங்கு இலாகாவின் ஆராய்ச்சியாளர்கள் அவர் சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அவர் கூறியது முழுவதும் உண்மையாயிருந்தது.

அந்த இடம் எங்கே இருக்கிறது தெரியுமா? மத்திய குயின்ஸ்லாந்தில், மகர ரேகைக்கு அருகே, 'டிங்கோ' என்னும் சிற்றூரின் பக்கத்தில். டிங்கோ என்பது அந்நாட்டுக் காட்டுநாயின் பெயர். வேட்டையாடுகிறவன் பெயரைத் தாங்கிய ஊரின் எல்லையிலேயே, வேட்டையாடப்பட்டது அடைக்கலம் புகுந்திருந்தது! செந்நரிகள் வடக்கே செல்லச் செல்லக் குறைவு. அங்கே பிரிகலோக் காடும், வெட்டிய இடத்தில் மறுபடி தழைத்த நெருக்கமான இளங்காடும் மிச்சமிருந்தன. குட்டிகள் ஒளிவதற்குப் புதர் இருந்தது. அதனால் இனமும் இருந்தது. பிற்பாடு அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கி, 'டான்டன்' என்ற பெயரில் 11,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பாதுகாப்புப் பூங்காவாக ஒதுக்கிற்று. பொதுஜனங்கள் வேடிக்கை பார்ப்பதற்கான பூங்கா அன்று. இந்த வாலபியைக் காக்கவும் ஆராயவுமே அமைந்தது. உலகத்தில் இன்று எங்கே ஒரு கடிவாள வாலபி இருந்தாலும் அதன் பூர்வீகம் டான்டன்தான்.

எல்லாப் பணத்தையும் ஒரே பெட்டியில் வைப்பது விவேகமாகாது என்பதை இல்லறத்தார் அறிவார்கள். ஒரு காட்டுத் தீயோ, ஒரு நீண்ட பஞ்சமோ வந்தால் ஒரே இடத்திலிருக்கும் இனம் ஒரேயடியாகப் போய்விடும். ஆகவே வேறு இடங்களிலும் குடியேற்றப் பார்த்தார்கள். 1990-களில் ஐடேலியா என்னும் தேசியப் பூங்காவில் விட்டார்கள், அங்கே நிலைக்கவில்லை. நியூ சௌத் வேல்ஸின் மேற்கே ஸ்கோஷியா என்னும் காப்புக்காட்டில் நரியும் பூனையும் நுழையாதபடி உயரமான வேலி கட்டி, உள்ளே விட்டார்கள், அங்கே பெருகின. 2019-ஆம் ஆண்டில் அதே மாகாணத்துப் பில்லிகாக் காட்டிலும், வேலிக்குள், மீண்டும் குடியேற்றினார்கள்.

வேலியில்லாத காட்டில் வாழ்பவைக்கு இன்றும் பெரிய சத்துரு பூனைதான். பூனையால் வளர்ந்த வாலபியை எளிதில் வீழ்த்த இயலாது. 3 கிலோவுக்குக் குறைந்த இளசுகளையே கொல்கிறது. இதைக் கண்ட நியூ சௌத் வேல்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். குயின்ஸ்லாந்தில் அவோசெட் என்னும் தனியார் நிலத்துக் காப்பகத்தில், 2015-ஆம் ஆண்டு முதல், இளம் வாலபிகளைப் பிடித்துப் பூனை புகாத சிறிய வேலிக்குள் வளர்த்தார்கள். 3 கிலோ நிறை வந்ததும் வெளியே விட்டார்கள். குழந்தைகளைப் பாலர் பள்ளியில் விட்டு, விவரம் தெரிந்த பிறகு வீதியில் அனுப்புவது போலத்தான். மூன்றே ஆண்டில் அங்கிருந்த வாலபிகளின் தொகை ஏறக்குறைய மும்மடங்காயிற்று. இவ்வளவும் செய்த பின்னரும், வேலிக்கு வெளியே இயல்பாக வாழும் கடிவாள வாலபிகள் சில நூறு தேறினால் அதிகம். ஆஸ்திரேலியச் சட்டத்தில் இன்றும் அது அழியும் அபாயத்திலுள்ள இனம்தான்.

வேலி என்பது இந்தக் கதையில் இரண்டு வேஷம் போடுகிறது. முதலில் காட்டைத் துண்டு போட்டு ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்தது வேலி. இப்போது வாலபியைக் காப்பதும் வேலி. நடுவில் நின்றவர் வேலிக்காரர்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லி முடித்தோம். முன்பு கேள்வி கேட்ட அதே மாணவன் மறுபடியும் எழுந்தான். "சார், அந்த வேலிக்காரருக்கு முதலிலிருந்தே அது தெரியும். பிறகு 1973-இல் 'கண்டுபிடித்தார்கள்' என்று எதற்குச் சொல்லுகிறார்கள்?" என்றான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நாமும் உடனே பதில் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி, தன் ஊர் ஏரிக்கரையில் ஒரு பறவையைக் கண்டதாக வந்து சொன்னாள். அலகு இன்ன நிறம், கால் இன்ன நீளம் என்று கவனமாகவே சொன்னாள். நாம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பறவை இந்தப் பக்கம் வருவதில்லை, அம்மா, நீ வேறு எதையோ பார்த்திருப்பாய். உட்கார்" என்றோம். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் நம்மிடம் எதையுமே வந்து சொன்னதில்லை. அவள் பார்த்தது எது என்று நமக்கு இனித் தெரியப் போவதும் இல்லை. வேலிக்காரரின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வருகிறது.

36 ஆண்டுக்காலம் அந்த வாலபி எங்கேயும் ஓடி ஒளிந்துவிடவில்லை. தன் புதரடியில் பகலில் தூங்கி, இரவில் மேய்ந்து, குட்டி போட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை அறிந்தவர்கள் காட்டில் இருந்தார்கள்; அறிய வேண்டியவர்கள் நகரத்தில் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பத்திரிகைத் தாள் போய் நின்றது. அவ்வளவுதான். தாளில் இருந்த செய்தி தவறு என்பதுகூடப் பெரிதில்லை. தவறு என்று எழுதிச் சொல்ல ஒருவருக்கு மனம் வந்ததே, அதுதான் பெரிது.

ஆகவே நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பத்திரிகையைப் பொட்டலம் கட்ட எடுக்கும் முன், அதிலுள்ள படங்களை இன்னொரு முறை பாருங்கள். வீட்டில் வேலை செய்பவருக்கும், வயலில் நிற்பவருக்கும், கடைசிப் பெஞ்சிக் குழந்தைக்கும் காட்டுங்கள். "இது இல்லை, தப்பு, நான் பார்த்திருக்கிறேன்" என்று அவர்களில் யாராவது சொன்னால், உட்காரச் சொல்லிவிடாமல், தயவு செய்து நமக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.